முழங்கை தாங்கினால்

எமில் ஹுடாக் தவக்காலத்துக்கு பேஸ்பாலை விட்டுவிட்டார் என்பதை முதலில் யாரும் நம்பவில்லை. நம்பும்படி அவரும் வாழ்ந்திருக்கவில்லை.

லொரெய்ன் நகரத்தில் ஏரிக்காற்று ஜன்னல் இடுக்கில் புகுந்து விசிலடிக்கிற பிப்ரவரி மாதம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு மறுநாள். கோயிலுக்குக் கீழே இருக்கும் சமையலறையில் வழக்கம்போல ஓய்வு பெற்றவர்கள் கூட்டம். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் ஊருக்கே மீன் வறுத்துப் போடுவார்கள். மீனோடு பியரோகியும் உண்டு. பியரோகி தானாக முளைப்பதில்லை. வியாழன் காலையிலேயே நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, வட்டமாக வெட்டிய மாவில் உருளைக்கிழங்கும் சீஸும் கலந்த பூரணத்தை வைத்து, மடித்து, விளிம்பைக் கிள்ளிக் கிள்ளி மூட வேண்டும். கைக்கு வேலை, வாய்க்கு விடுமுறை. விடுமுறையில் இருக்கும் வாய் அந்தச் சமையலறையில் பேஸ்பால்தான் பேசும்.

அதுவும் அந்த வாரம் பேசாமல் எப்படி இருக்க முடியும்? அரிசோனாவில் பயிற்சி முகாம் திறந்திருந்தது. பந்து எறியும் பிட்சர்களும் அதைப் பிடிக்கும் கேட்சர்களும் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார்கள். இங்கே வாசலில் முழங்கால் அளவு பனி. அங்கே யாரோ வெயிலில் நின்று பந்து எறிகிறான். இந்த மேஜைக்காரர்களுக்கு வருடம் பிறப்பது ஜனவரியில் இல்லை, இந்த வாரத்தில்தான்.

"கேட்டீங்களா சேதிய? கேட்சர் உடம்ப அப்படியே எளச்சிட்டு வந்திருக்கானாம். 'வாழ்நாள்லயே இப்பதான் ஒடம்பு இவ்ளோ நல்லா இருக்கு'ன்னு அவனே சொல்லியிருக்கான்" என்றார் ஆர்டி பலோக். இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரத்திலிருந்தே உலகத்தைப் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, எல்லாம் நன்றாகவே தெரியும் அவருக்கு.

"பிப்ரவரி வந்தா எல்லாப் பயலுக்கும் வாழ்நாள்லயே நல்ல ஒடம்புதான்" என்றார் காஸ் நோவிட்ஸ்கி. நகரப் பேருந்து ஓட்டியவர். வாழ்க்கை முழுக்க முதுகுக்குப் பின்னால் கேட்ட முணுமுணுப்பை இப்போது ஊருக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பவர். "ஜூன் மாசம் பாரு, ஒவ்வொருத்தனா நொண்டிக்கிட்டு வருவான். என்ன எமில், நீ என்ன சொல்ற?"

எமில் மாவு விளிம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"யோவ், ஒன்னத்தான். காது அடைச்சிருச்சா?"

"நான் விட்டுட்டேன்" என்றார் எமில்.

"எத?"

"பேஸ்பால. இந்தத் தவக்காலத்துக்கு. பேச மாட்டேன், படிக்க மாட்டேன், ரேடியோ போட மாட்டேன்."

ஆர்டி சிரித்த சிரிப்பில் மாவு பறந்தது. "தவக்காலத்துக்கு நாம புடிச்சத விடணும்யா. கஷ்டத்த விட்டா அது எப்படித் தவம்? அது விடுதலை!"

"நீ மட்டும் வருஷா வருஷம் பீர விடுறியே, அது எத்தன நாளு நிக்குது?" என்றார் காஸ்.

"நான் பலவீனமானவன்னு ஆண்டவருக்கே தெரியும். அவரு எதிர்பாக்கவும் மாட்டாரு."

எமிலுக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. டிசம்பரில் இவர்களுடைய அணி தன்னிடமிருந்த ஒரே உருப்படியான ஆளை, முதல் பேஸில் நிற்பவனை, மேற்குக் கரைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு வந்தது இரண்டு சின்னப் பையன்களும், 'பெயர் பின்னர் அறிவிக்கப்படும்' என்று ஒரு மூன்றாவது ஆளும். பெயர்கூட இல்லாத ஆளுக்காக எப்படிக் காத்திருப்பது? கோபம் வந்திருந்தால் பேசியிருப்பார். கோபத்தில் அவர் நல்ல பேச்சாளர். வந்தது களைப்பு. ஒவ்வொரு பிப்ரவரியிலும் நம்பி, ஆகஸ்டில் தலை குனிந்து, அக்டோபரில் அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்தை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதுபோல் இறுதிப் போட்டிகளைப் பார்த்து... எத்தனை தடவைதான்? நம்புவதற்கும் ஒரு மூட்டு இருக்கிறது போலும், அது தேய்ந்துவிட்டது, எண்ணெய் போட்டாலும் நடக்காது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

அடுப்பருகே நின்றிருந்த டெல்ஃபீனா ரிவேரா கரண்டியோடு திரும்பினார். அந்தச் சமையலறைக்கு அவர்தான் ராணி, போலீஸ், நீதிபதி எல்லாம். பாதிரியாரே உள்ளே வர அனுமதி கேட்பார்.

"சொன்னது எல்லார் காதுலயும் விழுந்துச்சில்ல? எமில், இனிமே நீங்க பேஸ்பால் பத்தி ஒரு வார்த்த பேசினா, வெள்ளிக்கிழம எண்ணெக் கொப்பரைய நீங்கதான் தேய்க்கணும்."

மீன் வறுத்த கொப்பரையைத் தேய்ப்பது என்பது அந்தக் கோயிலில் பாவசங்கீர்த்தனத்தைவிடக் கடுமையான பரிகாரம். முழங்கைவரை பிசுக்கு, மூன்று நாளைக்கு நாயும் பூனையும் பின்னாலேயே வரும்.

"தேய்க்கிறேன்" என்றார் எமில். "அந்த அவசியமே வராது."

இதை அவர் சொன்னபோது ஒருவனை மறந்துவிட்டார். அந்த ஒருவன் ஒமாஹாவில் இருந்தான்.

எமிலின் மகன் ரஸ் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடியும் நேரம் பார்த்து ஃபோன் செய்வான். எமிலின் மனைவி பெர்னடெட் உயிரோடு இருந்த காலத்தில் அந்த அழைப்பு அவளுக்கு வரும். சாப்பாடு, தூக்கம், மருமகள் ஜோலினின் முதுகுவலி, கார், பல் டாக்டர் எல்லாவற்றையும் அவளே விசாரித்து முடிப்பாள். கடைசியில் "இந்தா, உங்கப்பாகிட்ட பேசு" என்று நீட்டுவாள். அப்பாவும் மகனும் பேஸ்பால் பேசுவார்கள். அந்த ஏற்பாடு இருவருக்கும் வசதியாக இருந்தது. பெர்னடெட் போன பிறகு சாப்பாடும் தூக்கமும் பல் டாக்டரும் அவளோடேயே போய்விட்டன. பேஸ்பால் மட்டும் மிஞ்சியது. குளிர்காலத்திலும் அது வற்றவில்லை. யார் வருகிறான், யார் போகிறான், யாருக்கு எங்கே வலி என்று பேசிப் பேசியே மூன்று குளிர்காலத்தைத் தள்ளிவிட்டார்கள்.

அந்த ஞாயிறும் ஃபோன் வந்தது.

"அப்பா! பாத்தீங்களா, கேட்சர் எப்படி எளச்சிருக்கான்னு? இடுப்பே காணோம்."

"ரஸ், நான் இந்தத் தவக்காலத்துக்கு பேஸ்பால விட்டுட்டேன்டா."

மறுமுனையில் யாரோ நாற்காலியை இழுத்ததுபோல் ஒரு சத்தம்.

"விட்டுட்டீங்களா?"

"ஆமா."

"ஓ. சரி. நல்லதுதான். அங்க பனியா?"

"பனிதான். அங்க?"

"இங்கயும் பனி."

"ம்."

"ரோட்டுல பனிய தள்ளிட்டாங்களா?"

"தள்ளிட்டாங்க."

இருவரும் நல்ல மனதோடுதான் முயன்றார்கள். ஆனால் பனியைப் பற்றி எவ்வளவு நேரம்தான் பேச முடியும்? அது வெள்ளையாக இருந்தது, குளிர்ந்தது, தள்ளப்பட்டது. "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று ரஸ் வைத்துவிட்டான். எமில் ஃபோனை மேஜையில் வைத்துவிட்டு, அடுப்பில் காபி கொதிப்பதற்கு முன்பே பேச்சு முடிந்துவிட்டதைப் பார்த்தார். பரவாயில்லை, தவம் என்றால் கொஞ்சம் வலிக்கத்தான் வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். புனிதர்களுக்கெல்லாம் மகன்கள் இருந்தார்களா என்ற கேள்வியும் வந்தது. அதைக் காபியோடு விழுங்கினார்.

அடுத்த வியாழன் மேஜையில் கொடுமை ஆரம்பமானது. காஸும் ஆர்டியும் வேண்டுமென்றே அவருக்கு இரண்டு பக்கமும் வந்து உட்கார்ந்தார்கள்.

"அந்த இடக்கைப் பையன் நேத்து எறிஞ்சானாமே" என்றார் காஸ், எமிலின் தலைக்கு மேலே பார்த்து. முழங்கையில் கத்தி வைத்து, போன வருடம் முழுக்க உட்கார்ந்திருந்த பிட்சர் அவன்.

"எறிஞ்சானாம், எறிஞ்சானாம்" என்றார் ஆர்டி. "பந்து எப்படிப் போச்சுன்னா... வேணாம், சொல்லக் கூடாது. நம்ம எமில் சாமியாருக்கு ஆகாது."

"சாமியாரு காது செவக்குது பாரு."

எமிலின் காது சிவந்துதான் இருந்தது. அவர் விளிம்பைக் கிள்ளிய வேகத்தில் பூரணம் பின்பக்கமாக வெளியே எட்டிப் பார்த்தது. பந்து எப்படிப் போனது? வளைந்து விழுந்ததா? வலிக்கிறது என்று கையை உதறினானா? அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மூக்குக்கு நேரே நாலு பியரோகி வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

ஞாயிறு வந்தது. ஃபோன் வரவில்லை.

பூசைக்குப் போய் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு கழற்றினார். சூப் சூடு பண்ணினார். ஃபோனை ஒரு தடவை எடுத்து உயிர் இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. ரஸ் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. காய்ச்சலில் குரல் கம்மியபோதுகூடக் கூப்பிட்டு, வாங்கிய பிட்சர் சரியில்லை என்று திட்டிவிட்டுத்தான் படுத்தான். தானே கூப்பிட்டால் என்ன? கூப்பிட்டு என்ன சொல்வது? 'பனி' என்றா? பெர்னடெட் உட்காரும் நாற்காலியைப் பார்த்தார். இந்த வீட்டில் கேள்வி கேட்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அடுத்த வியாழன் கொதிக்கிற பானைக்குள் அவருடைய பியரோகிகள் ஒவ்வொன்றாக வெடித்தன. தண்ணீர் பால்போல் வெளுத்து, உருளைக்கிழங்கு மேலே மிதந்தது. டெல்ஃபீனா ஜல்லிக்கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார்.

"இது யாரு மூடினது?"

மேஜை முழுக்க எமிலைப் பார்த்தது.

"எமில், பொறந்ததுலேந்து கிள்ளுற கை உங்களுது. என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமயா பானை பூரா கஞ்சியாயிருக்கு?"

எமில் கையில் ஒட்டியிருந்த மாவை உருட்டிக்கொண்டே சொன்னார்: "ரஸ் போன ஞாயித்துக்கெழம பேசல." சொல்லிவிட்டு இன்னும் சின்னக் குரலில், "நாந்தான் பேஸ்பால் வேணான்னு சொன்னேன். எங்களுக்குப் பேச வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது; காஸ் சிரிக்காத ஒரு விஷயம் உலகத்தில் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

காஸ் தொண்டையைச் செருமினார். "ஏன்யா, ஒனக்கு அறிவிருக்கா? ஞாயித்துக்கெழம தவக்காலக் கணக்குல வராதுய்யா! சின்னப் புள்ளையில நாம என்ன பண்ணோம்? வாரம் பூரா மிட்டாய தொடாம இருந்துட்டு, ஞாயிறு பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்லயே வாயில போட்டுக்குவோமே! நீ ஞாயித்துக்கெழம பேஸ்பால் பேசினா ஒரு பாவமும் கெடையாது."

எமில் அவரைப் பார்த்தார். எமிலே மூன்று தலைமுறைக் கத்தோலிக்கர். சின்ன வயதில் பூசைக்கு மணி அடித்தவர். மிட்டாய் விஷயத்தில் இந்தச் சட்டத்தை வரிக்கு வரி பயன்படுத்தியவர். இது எப்படி மறந்தது? மறக்கவில்லை. சலுகை தேடுகிற அளவுக்குக்கூட அவருக்குத் தெம்பு இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். ஆசை இருக்கிறவன்தான் சட்டத்தில் ஓட்டை தேடுவான்.

"அப்போ இந்த ஞாயிறு பேசிரு. முடிஞ்சது" என்றார் ஆர்டி.

"அவன் கூப்பிடலன்னா?"

"நீ கூப்பிடு."

"ஞாயித்துக்கெழம வரைக்கும்..." என்று ஆரம்பித்த எமில் முடிக்கவில்லை. எழுந்தார். ஏப்ரனோடேயே பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

"கோட்டு!" என்று கத்தினார் டெல்ஃபீனா. கதவு மூடிக்கொண்டது.

கார்கள் நிற்கும் இடத்தில் பனியைத் தள்ளிக் குவித்த சாம்பல் மேடுகள். குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் காற்று படாத ஒரு மூலை. ஃபோன் பொத்தான்களெல்லாம் மாவு. மணி போயிற்று, போயிற்று. ரஸ் வேலையில் இருப்பான், எடுக்க மாட்டான், எடுக்காவிட்டால் நல்லதுதான் என்று எமில் நினைக்கத் தொடங்கிய நேரத்தில்,

"அப்பா? என்ன, ஏதாச்சும் ஆச்சா?"

அப்பா தானாக ஃபோன் செய்தால் யாரோ செத்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தக் குடும்பத்து வழக்கம். பெர்னடெட் விஷயத்தில் அப்படித்தான் செய்தார்.

"ஒண்ணும் ஆகல" என்றார் எமில். "அந்த இடக்கைப் பையன் முழங்கை எப்படியிருக்கு?"

ஃபோனில் காற்று மட்டும் கேட்டது.

"இன்னிக்கு வியாழக்கெழமப்பா."

"தெரியும்."

"விட்டுட்டேன்னு சொன்னீங்களே."

"திரும்பப் புடிச்சிட்டேன். முழங்கை எப்படிடா இருக்கு?"

ரஸ் சொன்னான். முதலில் மெதுவாக, பிறகு அணை உடைந்த மாதிரி. பையன் ரெண்டு தடவை எறிந்துவிட்டான், வலி இல்லை, வளைந்து விழுகிற பந்தை மட்டும் இன்னும் தொடவில்லை, டாக்டர் மார்ச் வரை பொறு என்கிறார். கேட்சர் இளைத்தது நிஜம், ஆனால் இளைத்ததோடு அடிக்கிற பலமும் போய்விட்டதோ என்று சந்தேகம். 'பெயர் பின்னர்' ஆளுக்கு இன்னும் பெயர் வரவில்லை. எமில் "ம்", "ம்" என்றும், ஒரு இடத்தில் "மடப்பயலுக" என்றும் சொன்னார். காது உறைந்துகொண்டிருந்தது. உடம்பின் மற்ற பாகமெல்லாம் சூடாக இருந்தது.

திடீரென்று ரஸ் நிறுத்தினான்.

"போன ஞாயிறு கூப்பிட்டிருப்பேம்ப்பா. ஃபோன கையில எடுத்தேன். சொல்ல ஒரு விஷயம் இருந்துச்சு. ஆனா அத மட்டும் தனியா எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நடுவுல சொல்லிக்கலாம்னுதான் எப்பவும் நெனப்பேன். நடுவுன்னு ஒண்ணு வேணும்ல."

எமில் குப்பைத்தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "சொல்லு."

"ஜோலின் என்னைய விட்டுட்டுப் போயிட்டா."

"எப்ப?"

"டிசம்பர்ல. அந்த முதல் பேஸ்காரன வித்தாங்கள்ல, அந்த வாரம்."

அந்த வாரத்து ஞாயிறு எமிலுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ரஸ் கத்தியிருந்தான். 'எத்தன வருஷம் கூட இருந்தவன இப்படியாப்பா தூக்கிப் போடுவாங்க? ஒரு வார்த்த கேக்காம?' என்று திரும்பத் திரும்பக் கேட்டான். எமில் தானும் கூடச் சேர்ந்து கத்தினார். மகனுக்கு இப்படி ஆட்டத்தின்மேல் பாசம் இருக்கிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது. முட்டாள் கிழவன்.

பெர்னடெட்டாக இருந்தால் இப்போது என்ன சொல்வாள் என்று தேடினார். அவளுடைய சொல் ஒன்றுகூடக் கைக்கு அகப்படவில்லை.

"சாப்பிடுறியா?" என்றார் கடைசியில்.

"ஏதோ."

"ஏதோன்னா?"

"டப்பாவுல வர்றது."

"ம்."

மறுபடியும் காற்று. ஆனால் இந்த மௌனம் பனியைப் பற்றிய மௌனம்போல் இல்லை. இதில் இரண்டு பேர் இருந்தார்கள். பின்கதவின் சின்னக் கண்ணாடியில் காஸின் மூக்கும் ஆர்டியின் நெற்றியும் ஒட்டியிருந்தன. எமில் கையால் விரட்டினார். அவர்கள் போகவில்லை.

"முதல் பேஸ்ல இப்ப யாரு நிக்கிறான்?" என்று கேட்டார்.

"வந்த ரெண்டு பயல்ல ஒருத்தன். கன்சாஸ்காரன். மட்டைய புடிச்சா கதவு நெல மாதிரி நிக்கிறான். ஆனா பந்த விட மாட்டான்."

"விடாம இருந்தாப் போதும்."

"இந்த வருஷம் எப்படிப்பா?"

எமிலுக்கு இந்தக் கேள்வி தெரியும். ஒவ்வொரு பிப்ரவரியிலும் ரஸ் கேட்பான். சின்னப் பையனாக இருந்ததிலிருந்தே கேட்கிறான். 'இந்த வருஷம் நம்ம வருஷம்டா' என்பது அவருடைய பதில். அதைச் சொல்லிச் சொல்லித்தான் களைத்தார். அதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் தவத்துக்கே போனார். இப்போதும் நாக்கு எழவில்லை. அந்த மூட்டு தேய்ந்தது தேய்ந்ததுதான். பொய் சொன்னால் மகனுக்குத் தெரிந்துவிடும்.

"கஷ்டம்டா" என்றார்.

"ஆமா."

"ரொம்பக் கஷ்டம்." மூக்கைத் துடைத்துக்கொண்டார், மாவு அப்பியது. "ஆனா அந்தப் பையன் முழங்கை தாங்கினா..."

"தாங்கினா?"

"தாங்கினா பாக்கலாம்."

ரஸ் லேசாகச் சிரித்தான். அழுகையாகவும் இருக்கலாம், ஃபோன் அவ்வளவு நல்ல ஃபோன் இல்லை.

"ஏப்ரல்ல முதல் ஆட்டத்துக்கு வந்துடு" என்றார் எமில். "ஏரிக்காத்து கொல்லும். தோப்போம். வந்துடு."

"வரட்டுமா?"

"ஒன் ரூம்ல பெட்டியெல்லாம் போட்டு வச்சிருக்கேன். எடுத்துடறேன்."

உள்ளே திரும்பியபோது சமையலறையில் எல்லாரும் மும்முரமாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள், பிறந்ததிலிருந்து தலையே நிமிராதவர்கள்போல. டெல்ஃபீனா அலமாரியைத் திறந்து, கம்பி பிரஷ்ஷை எடுத்து எமிலின் முன்னால் மாவுக்கு நடுவில் வைத்தார். பிறகு அவர் தோளில் ஒரு துணியைப் போர்த்தினார்.

மறுநாள் மாலை, கூட்டம் சாப்பிட்டுக் கலைந்ததும், எமில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கொப்பரைக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தார். பிசுக்கு அசையவில்லை. தோளுக்குப் பின்னால் யாரோ வந்து நின்றார்கள்.

"என்ன சொன்னான் ஒன் மகன்?" காஸ்.

எமில் தலையை வெளியே எடுக்கவில்லை. கொப்பரைக்குள்ளிருந்து குரல் எதிரொலித்தது. "முதல் பேஸுக்கு ஆளு இல்லங்கிறான்."

"அது ஊருக்கே தெரியுமே."

"ஏப்ரல்ல வர்றான்."

காஸ் ஏதோ கிண்டல் சொல்ல வாயெடுத்தார் என்பது மூச்சிலேயே தெரிந்தது. சொல்லவில்லை. தன் சட்டைக் கையையும் மடித்துக்கொண்டு, இன்னொரு பிரஷ்ஷை எடுத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து குனிந்தார்.

"தள்ளுய்யா. நீ தேய்க்கிற அழகுக்கு ஈஸ்டர் வந்துரும். அந்த இடக்கைப் பையன் கைய உதறினானா இல்லையாம்?"

"உதறலயாம்."

"சத்தியமா?"

"ரஸ் சொன்னான்."

"அப்போ சரி" என்றார் காஸ். இருவரும் தேய்த்தார்கள்.